அலமுவின் ஜலகண்டம்

1

இந்த ஊரில் வாரத்துக்கு ஒரு காகிதமாவது பள்ளிக்கூடத்திலிருந்து வராமல் இருக்காது. பல்லைப் பரிசோதிக்க ஒன்று, அம்மை குத்த ஒன்று, பேன் பார்க்க ஒன்று. எல்லாவற்றிலும் தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டும். தாயாருக்கு அதில் இடமே கிடையாது. வீட்டில் பேன் பார்ப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்னால் வந்த காகிதம் நீச்சலைப் பற்றியது. சிங்கப்பூர் நகரசபையார் ஒரு நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க் குளம் மாதிரி படிக்கட்டும் பாசியும் கிடையாது. வெள்ளை ஓடு பதித்த பெரிய தொட்டி என்றே சொல்லலாம். புதன்கிழமை காலையில் அதைப் பெண் குழந்தைகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஏழு வயதான குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தாரே அழைத்துப் போய்க் கற்றுக்கொடுப்பார்களாம். எங்கள் அலமுவுக்கு ஏழு வயது.

நீச்சலால் குழந்தைகளுக்கு என்னென்ன நன்மை என்று காகிதத்தில் வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். மார்பு விரியும். நன்றாகப் பசிக்கும். இரவில் அயர்ந்து தூக்கம் வரும். கையும் காலும் ஒன்றுக்கொன்று இசைந்து வேலை செய்யும். பயம் தெளியும். தவறி விழுந்தால் பிழைக்கலாம். கடைசியில் இருப்பதை முதலில் போட்டிருக்க வேண்டாமோ என்று எனக்குப் பட்டது. இது சுற்றிலும் கடல் சூழ்ந்த ஊர். எங்கள் வாசலிலேயே ஆளுயரத்துக்கு ஒரு வடிகால் ஓடுகிறது. மழை பிடித்துக்கொண்டால் பத்து நிமிஷத்தில் அது நிரம்பிப் பாய்வதைப் பார்த்திருக்கிறேன்.

என் அகத்துக்காரருக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. அவர் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"இது நமக்கு வேண்டாம். குழந்தைக்குப் பன்னண்டு வயசு முடியறவரைக்கும் ஜலகண்டம்னு அப்பா எழுதியிருக்காரோல்லியோ" என்றார்.

ஜாதகம் பார்க்காத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஜலகண்டம் என்றால் தண்ணீரால் உயிருக்கு ஆபத்து. ஆற்றங்கரை, குளக்கரை, கடற்கரை எதற்கும் குழந்தையை அனுப்பக் கூடாது. அப்பா என்று அவர் சொன்னது மயிலாப்பூரில் இருக்கும் என் மாமனாரை. கோர்ட்டில் ரிகார்டு குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். தொழிலுக்காக ஜோசியம் பார்ப்பவர் அல்ல. ஆனால் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் ஜாதகம் அவர் கையால்தான் எழுதப்படும்.

2

மயிலாப்பூரை விட்டு வந்து பத்து வருஷம் ஆகிறது. அங்கே இருந்தபோது தோன்றாத கேள்விகள் இங்கே வந்த பிறகு தோன்றுகின்றன. என் புக்ககத்தைச் சுற்றி எத்தனை தண்ணீர் என்று எண்ணிப் பார்த்தேன். கொல்லையில் கிணறு. தெருக்கோடியில் கோயில் குளம். கிழக்கே நடந்தால் சாந்தோம் கடற்கரை. தெற்கே போனால் அடையாற்று முகத்துவாரம். இத்தனைக்கும் நடுவில் இருக்கிற அந்த வீட்டில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. தெப்பத்தைக்கூட மொட்டை மாடியிலிருந்துதான் பார்ப்பார்கள். கொல்லைக் கிணற்றுக்கு மரத்தில் மூடி போட்டு, ஜலம் இறைத்தானதும் மூடிவிட வேண்டும் என்று என் மாமனார் உத்தரவு. ஒரு நாள் நான் மறந்துபோய்த் திறந்து வைத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தானே எழுந்து போய் மூடிவிட்டு வந்தார். வைதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்று மனை போட்டார்களே, அங்கே முதலில் வீடு கட்டியவர்களில் என் நாத்தனாரும் ஒருத்தி. ஊரெல்லாம் ஏரிக்குள் போய் யாராவது குடியிருப்பார்களா என்று சிரித்தது. என் மாமனாருக்கு மட்டும் அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. தண்ணீர் இருந்த இடத்தில் தண்ணீர் இல்லாமல் போனது அவருக்கு ஒரு திருப்தி என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

என் பிறந்தகத்தில் இப்படிக் கிடையாது. என் தம்பிகள் இருவரும் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறும் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் குதிப்பார்கள். மேலே உட்கார்ந்து கயிற்றைப் பிடிக்கிற வேலை எனக்கு. எப்போது இழுத்துப் பிடிப்பது, எப்போது தளர விடுவது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பெண்ணானபடியால் தண்ணீரில் மட்டும் இறங்கியதில்லை. இரண்டு பேரை நீச்சல்காரர்கள் ஆக்கிவிட்டுக் கால் நனையாமல் கல்யாணம் செய்துகொண்டு போனேன்.

3

நீச்சல் வேண்டாம் என்றால் சும்மா விடமாட்டார்கள். அதற்கு வேறொரு காகிதம் உண்டு. விலக்குக் கேட்பதற்குக் காரணம் என்ன: மதமா, வைத்தியமா, வேறு ஏதாவதா? என் அகத்துக்காரர் யோசித்து யோசித்து, "வேறு" என்பதற்கு நேரே, நட்சத்திர சம்பந்தமான காரணம் என்று இங்கிலீஷில் எழுதினார்.

மறு வாரமே தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். நரைத்த தலையும் கூர்ந்த பார்வையுமாக இருக்கும் வெள்ளைக்காரி. கேலி செய்யப் போகிறாள் என்று பயந்துகொண்டே போனேன். என் இங்கிலீஷ் கடை கண்ணிக்குப் போதும். கிரக சஞ்சாரத்துக்குப் போதாது. ஏதோ சொல்ல ஆரம்பித்து, என் பெண்ணின் கிரகங்களுக்கு நீந்தத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எல்லாத் தண்ணீருமா, ஆழமான தண்ணீர் மட்டுமா என்று கேட்டாள். தினமும் குளிக்கலாமா? மழையில் நனையலாமா? கப்பலில் ஊருக்குப் போகலாமா? பன்னிரண்டு வயது முடிந்த மறுநாள் காலையில் ஆபத்துப் போய்விடுமா, அல்லது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுமா? நான் பிறந்தது முதல் கேட்டு வந்த வார்த்தை. இதில் ஒன்றையாவது நான் யாரிடமும் கேட்டதில்லையே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கடைசியாக ஒன்று கேட்டாள். அவளுடைய சகோதரன் கப்பலில் அதிகாரியாம்; ஊருக்கு ஊர் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறவனாம். "குழந்தை பிறந்தது இந்த ஊரில். கணக்குப் போட்டவர் இருப்பது மதராஸில். இரண்டு ஊர்க் கடிகாரமும் ஒன்றல்லவே. அவர் எந்தக் கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போட்டார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலமு பிறந்த அன்று நாங்கள் மயிலாப்பூருக்கு அடித்த தந்தியில் காலை ஆறு பத்து என்றுதான் இருந்தது. இந்த ஊர் ஆறு பத்துக்கு மயிலாப்பூரில் இன்னும் கோழிகூடக் கூவியிருக்காது. மாமனார் அதை மயிலாப்பூர் ஆறு பத்து என்று எடுத்துக்கொண்டிருந்தால் ஜாதகமே வேறொரு குழந்தையுடையது. அந்த ஜலகண்டம் அன்றைக்கு மயிலாப்பூரில் பிறந்த யாரோ ஒரு குழந்தைக்குச் சேர வேண்டியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே உற்சாகம்.

4

என் அகத்துக்காரர் எழுத மறுத்துவிட்டார். "அப்பா கணக்கிலே தப்புன்னு நான் எழுதறதா? உனக்கு வேணும்னா நீ எழுதிக்கோ" என்றார். எழுதமாட்டேன் என்று நினைத்துச் சொன்னார். நான் எழுதிவிட்டேன். கல்யாணமாகிய இத்தனை வருஷத்தில் மாமனாருக்கு நானாக எழுதிய முதல் கடிதம் அதுதான். நமஸ்காரம் எழுதவே அரைப் பக்கம் ஆயிற்று. கடிகாரத்தைப் பற்றி இரண்டே வரி.

பதில் வரக் கப்பல் போய்க் கப்பல் வர வேண்டும். அதுவரையில் புதன்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தது. விலக்கு வாங்கிய குழந்தையும் குளத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்பது விதி. துண்டும் கொண்டுவர வேண்டும். கூடப் பெரியவர்கள் ஒருவர் இருக்க வேண்டும். ஆகையால் அலமு மடியில் துண்டை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

நீச்சல் டீச்சர் யூரேஷியப் பெண்; நம் ஊரில் சட்டைக்காரி என்போம். கையில் நீளமான மூங்கில் கழி வைத்திருப்பாள். கழி நுனியில் கயிறு, கயிற்று நுனியில் பட்டை. அதைக் குழந்தையின் இடுப்பில் மாட்டித் தண்ணீரில் விடுவாள். அதைப் பார்த்தவுடன் என் இரண்டு கையும் துறுதுறுவென்றது. அவள் கயிற்றை இழுக்கிற இடமும் விடுகிற இடமும் நான் செய்தபடியே இருந்தன. சுரைக்குடுக்கை மட்டும் இல்லை. முதலில் வாயைப் பொத்திக்கொண்டு அழுத குழந்தைகள் மூன்றாவது வாரத்தில் டீச்சர் கழியை எடுக்குமுன்பே வரிசையில் வந்து நின்றன. பயம் தெளியும் என்று அச்சிட்டது வெறும் வார்த்தை அல்ல.

அலமு வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மணைப்பலகையின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு காலை உதைப்பாள். கையை வீசுவாள். எண்ணிக்கொண்டே மூச்சை இழுத்து விடுவாள். "அம்மா, நான் மாண்டி பண்ணிட்டு வந்து இன்னும் நூறு தடவை உதைக்கிறேன்" என்பாள். மாண்டி என்றால் மலாய்க்காரர்கள் பாஷையில் குளியல். அவளுக்கு ஸ்நானமும் வராது, குளியலும் வராது. மயிலாப்பூருக்குப் போனால் இவள் பேசுவது யாருக்குப் புரியப் போகிறதோ என்று எனக்கு ஒரு கவலை.

அந்தச் சமயத்தில் நாத்தனார் தியாகராய நகரிலிருந்து எழுதியிருந்தாள். அவளுக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்குப் பதினொன்று, அடுத்தவளுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு ஐந்து. "கடைக்குட்டியின் ஜாதகத்தையும் அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். அக்காமார்களைப் போல இதற்கும் ஜலகண்டமாம். என்ன செய்வது, நம் குடும்பத்து வாகு" என்று ஒரு வரி அதில் இருந்தது. நான் அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். மூன்று குழந்தைகளும் வெவ்வேறு மாதத்தில், வெவ்வேறு நேரத்தில் பிறந்தவை. அலமு கடல் தாண்டிப் பிறந்தவள். நாலு பேருக்கும் ஒரே கண்டம், நாலு பேருக்கும் பன்னிரண்டு வயதுவரை. நான் கண்டுபிடித்த கடிகாரக் காரணம் இதற்குப் போதவில்லை.

5

ஆறாவது புதன்கிழமை அது நடந்தது. டீச்சர் குளத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மலாய்க்காரத் தாயாருக்கு நான் ரசம் வைப்பதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் துண்டு மட்டும் இருந்தது.

அலமு பாவாடை சட்டையோடு படியில் இறங்கிப் போயிருந்தாள். மணைப்பலகையில் பழகியபடி கையை வீசினாள். ஒரு நொடி பாவாடை குடை மாதிரி மேலே விரிந்தது. அடுத்த நொடி காலைச் சுற்றிக்கொண்டது. தலை தண்ணீருக்குள் போய்விட்டது. நான் போட்ட கூச்சலில் டீச்சர் ஓடி வந்து கழியை நீட்டினாள். எங்கே இருந்து அந்தக் குழந்தைக்குத் தோன்றிற்றோ, கழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நான் முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். அதற்கு மேல் இறங்க எனக்குத் தெரியாது. என் கண்ணெதிரே நாலு முழத் தூரத்தில் என் குழந்தை. நான் வெறும் கயிறு பிடிக்கிறவள்.

குடித்த தண்ணீரைக் கக்கிவிட்டு, "அம்மா, நாலு தடவை உதைச்சேன், பாத்தியா?" என்றாள் அலமு.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவரிடம் மறைக்கவில்லை. முகம் வெளுத்துப் போய் உட்கார்ந்துவிட்டார். "கண்டம் இருக்குன்னு அப்பா சொன்னது சரியாப் போச்சா?" என்றார்.

"கத்துக் குடுக்காம பெஞ்சிலே உக்கார வெச்சோமே, அது சரியாப் போச்சு. மத்த இருபது குழந்தைகளும் அதே தண்ணியிலேதானே இருந்தது? அதுகளுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றேன். கோபத்தில் என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அவர் எழுந்து போய் அலமுவின் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கிச்சாவுக்கும் நீச்சல் தெரியாது" என்றார்.

கிச்சா அவருடைய தம்பி. ஒன்பது வயதில் கடலில் போய்விட்டான் என்ற அளவில் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் பேசியதில்லை. இவரும் அன்றைக்குத்தான் சொன்னார். மாசி மகத்தன்று சமுத்திர ஸ்நானத்துக்குப் போயிருந்தார்களாம். இவர் கரையில் வேஷ்டிகளுக்குக் காவல் இருந்தாராம். அதற்கு மேல் சொல்ல அவரால் முடியவில்லை. நானும் கேட்கவில்லை.

6

அடுத்த தபாலில் மாமனாரின் பதில் வந்தது. உறையில் என் பெயர் இருந்தது. அதையே நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசீர்வாதமும் உபயக்ஷேமமும் போக, கடிதத்தை அப்படியே தருகிறேன்.

"நீ கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கணக்கில் பிழை இல்லை. தந்தி வந்த அன்றே துறைமுகத்தில் போய் விசாரித்து, இரண்டு ஊருக்கும் உள்ள நேர வித்தியாசத்தை எழுதிக்கொண்டு வந்தேன். அவ்விடத்து சூரிய உதயத்தை வைத்தே லக்கினம் போட்டேன். மூன்று தரம் சரிபார்த்தேன். அந்தக் கணக்கில் ஜலகண்டம் எங்கும் வரவில்லை. கணக்குக்குக் கீழே அதை எழுதினது நான்.

"கிச்சாவுக்கும் நானே ஜாதகம் கணித்தேன். தீர்க்காயுசு என்று வந்தது. அப்படியே எழுதினேன். ஆகையால் தைரியமாக அழைத்துப் போனேன். அன்று அவன் கை என் கையில் இருந்தது. ஒரு அலை வந்தது. அப்புறம் இல்லை. நொச்சிக்குப்பத்து வலைக்காரன் ஒருவன் பாய்ந்து தேடித் தூக்கி வந்து மணலில் கிடத்தினான். உயிர் இல்லை. அவன் என்னைப் பார்த்து, 'இன்னா சாமி, கடலாண்டயே குடி கீறீங்க, கொய்ந்தைக்கு நீஞ்சக் கத்துக் குடுக்கலியா?' என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. அவன் கண்ணிலும் ஜலம் இருந்தது. எனக்கே தெரியாது என்று அவனிடம் எப்படிச் சொல்லுவேன்?

"இன்னொரு தரம் ஒருவன் அப்படிக் கேட்கும்படி வைக்கக் கூடாது என்று நினைத்தேன். கற்றுக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. எழுதத் தெரிந்தது. ஆகையால் எழுதினேன், நாலு குழந்தைகளுக்கும்.

"அவ்விடத்தில் கற்றுக்கொடுக்க ஆள் இருப்பதால் அலமு நீந்தட்டும். தியாகராய நகர்க் குழந்தைகள் விஷயம் வேறு. நான் உள்ளவரையில் அது அப்படியே இருக்கட்டும். நீ யாரிடமும் பிரஸ்தாபிக்க வேண்டாம்."

கடிதத்தை என் அகத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு நான் சமையல் உள்ளுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மேஜைமேல் பள்ளிக்கூடத்துக் காகிதம் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மை காயட்டும், தொடாதே" என்றார்.

7

இப்போது அலமுவுக்குப் பட்டை இல்லை, கழி இல்லை. குளத்தின் குறுக்கே ஒரு தடவை போய்த் திரும்புகிறாள். காகிதத்தில் போட்டிருந்த நன்மைகளை நான் ஒவ்வொன்றாகப் பரிசோதித்துக்கொண்டு வருகிறேன். மார்பு விரிந்ததா என்று தெரியவில்லை. பசி விஷயம் உண்மை; புதன்கிழமை சாயங்காலம் ஒரு ஆழாக்குச் சாதம் கூட வடிக்க வேண்டியிருக்கிறது. தூக்கமும் உண்மை. சாப்பிட்ட கையை அலம்புவதற்குள் கண் சொருகிவிடுகிறது. போன வாரம் வாசல் வடிகால் நிரம்பி ஓடியபோது அவள் தானாகவே பின்னால் தள்ளி நின்றாள். இது ஓடுகிற தண்ணீர், இதில் இறங்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறாளாம். நீச்சல் தெரிந்த குழந்தை தண்ணீரில் குதித்துவிடும் என்றுதான் நம்மவர்கள் சொல்லுவார்கள். எனக்கென்னவோ நீச்சல் தெரிந்த பிறகுதான் இவளுக்குத் தண்ணீரிடம் மரியாதை வந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மாமனார் எழுதினாரே, நீ பத்திரிகையில் எழுதுகிறாயே என்று கேட்பீர்கள். மூன்று மாதமாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரியவர் என்னை நம்பி மனதைத் திறந்து எழுதினார். அதை நான் தெருவில் போட்டு உடைக்கிறேன். அப்பா, இதை நீங்களும் படிப்பீர்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வலைக்காரன் கேட்ட கேள்விக்கு ஜாதகம் பதில் அல்லவே. தண்ணீருக்கு ஜாதகம் படிக்கத் தெரியாது. அலமு அமிழ்ந்துபோன அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்த பிறகு, உங்கள் பேச்சைக் கேட்டு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

இந்தப் பத்திரிகையை அட்டையிலிருந்து விளம்பரம்வரை ஒரு வரி விடாமல் படிப்பவள் என் நாத்தனார். அவளுக்குத் தனியாகக் கடிதம் எழுதினால் அது அவள் அகத்துக்காரர் கைக்கும், அங்கிருந்து அப்பா கைக்கும் போய், எல்லாருமாகச் சேர்ந்து பேசி, பேசாமல் மடித்து வைத்துவிடுவார்கள். அச்சில் வந்துவிட்டால் மடித்து வைக்க முடியாது. ஆகையால் இங்கேயே சொல்கிறேன்.

அக்கா, அப்பாவிடம் ஒன்றும் கேட்காதீர்கள். அவர் பட்டது போதும். உங்கள் கொல்லைக் கிணற்றுக்கு ஒரு நல்ல கயிறும் ஒரு சுரைக்குடுக்கையும் வாங்கி வையுங்கள். என் தம்பிகளில் ஒருவனை உங்களிடம் அனுப்பச் சொல்லிப் பிறந்தகத்துக்கு எழுதியிருக்கிறேன். கயிற்றை நீங்கள் பிடியுங்கள், அது கஷ்டமில்லை. உங்கள் பெண்கள் மூவருக்கும் ஜலகண்டம் இல்லை. நீச்சல் தெரியாது, அவ்வளவுதான்.